விற்பனைக்கு முன் வீட்டிற்கு வர்ணம்

தலைநகரில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெறுவோருள் சிலர், தாம் வாங்கிய வீட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊர் திரும்ப எண்ணுகின்றனர். சுவர்களுக்குப் புது வர்ணம் பூசி விற்பதா, இருந்தபடியே விற்பதா என்னும் கேள்வி அப்போது எழுகின்றது. பூசுவது நன்றே என்போம். ஆயினும் வர்ணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிந்த பின்னரே அப்பணியில் இறங்குதல் வேண்டும்.

சமையலறைச் சுவரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு, ஆணி அறைந்த துளைகள், பிள்ளைகளின் கிறுக்கல்கள் ஆகியவை வீட்டின் உறுதிக்கு ஊறு செய்வன அல்ல. எனினும், இவ்வீடு பேணப்படவில்லை போலும் என்ற எண்ணத்தை இவை வாங்க வருபவரின் மனத்தில் விதைத்துவிடும். இவற்றைத் துடைத்து, அடைத்து, வர்ணம் பூசுதல் நேர்மையான செயலே. வெளிர்நிறங்கள் ஒளியை மிகுதியாகத் திருப்பித் தருவதால், இருண்ட அறையும் சற்று விசாலமாகத் தோன்றும்.

பூச்சு வகைகளுள் மலிவானது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் தன்மையை அடைந்து இறுகுகின்றது. சுவரின் ஈரம் வெளியேற அது வழிவிடும். ஆனால் தொட்டால் ஆடையில் ஒட்டும். எமல்ஷன் என்னும் வர்ணமோ மெல்லிய தோல்போலப் படர்வது. ஈரத் துணியால் துடைக்கத் தக்கது. வெள்ளையடித்த சுவரின் மீது அப்படியே இதைப் பூசினால், அடியிலுள்ள சுண்ணாம்புப் பொடியோடு சேர்ந்து உரிந்து விழும். ஆதலின் பழைய சுண்ணாம்பை நன்கு சுரண்டி, பள்ளங்களைப் பட்டி இட்டு நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்த பின்னரே பூச வேண்டும்.

சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வர்ணங்களில், குறிப்பாகக் கதவு, சன்னல்களில் பூசிய எண்ணெய் வர்ணங்களில், ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்கினை மிஞ்சலாகாது என 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பலாகாது. நீர் தெளித்து நனைத்தே தேய்க்க வேண்டும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதாதலின், பணி முடியும் வரை அவர்களை அவ்விடத்திற்கு அப்பால் வைத்தல் நலம்.

செலவை முன்னரே கணக்கிடுவது எளிது. 12 அடி நீளமும், 10 அடி அகலமும், 10 அடி உயரமும் உள்ள அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. மேல்தளம் 120 சதுர அடி. ஆக மொத்தம் 560. இதில் கதவு, சன்னல்களின் பரப்பைக் கழித்து வரும் அளவை வைத்தே கூலியும் வர்ணமும் பேசிக் கொள்ளலாம்.

காலமும் கருதத்தக்கது. வட இந்தியாவில் தீபாவளிக்கு முன்னர் வெள்ளையடிக்கும் வழக்கம் உண்டு. பருவமழை ஓய்ந்து சுவர்கள் உலரும் காலம் அது. ஈரச் சுவரில் பூசிய வர்ணம் கொப்புளித்து எழும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். சுவரின் அடிப்பகுதியில் கறை படர்ந்து, வெண்பொடியாக உப்புப் பூத்திருந்தால் அஃது ஓதத்தின் அடையாளம். நிலத்து ஈரமோ, கசியும் குழாயின் நீரோ உப்புகளைக் கரைத்துக் கொண்டு வந்து சுவரின் மேற்பரப்பில் விட்டுச் செல்கின்றது. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் அடைத்து ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளி அரும்பினால் ஈரம் சுவரிலிருந்தே வருகின்றது எனலாம். காரணத்தை நீக்காமல் வர்ணம் பூசுவதால் பயனில்லை. சில மாதங்களில் கறை மீண்டும் தலைகாட்டும்.

அதற்குள் வீட்டை விற்றுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், இதற்கு விடை கூறுகின்றது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், அவர் சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவதை அப்பிரிவு மோசடி என்றே குறிக்கின்றது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரியும் விரிசலும் ஓதமும் வாங்குபவர் தாமே பார்த்துக் கொள்ளக் கூடியவை. அவற்றின் மீது வர்ணம் பூசிய மறுகணமே அவை மறைந்த குறைகள் ஆகிவிடுகின்றன. அவற்றைச் சொல்லும் கடமை நம்மைச் சாருகின்றது.

எனவே, குழாய்க் கசிவையும் மொட்டை மாடி வெடிப்பையும் முதலில் செப்பனிடுக. அதற்கான ரசீதுகளைப் பாதுகாத்து வைத்து, வாங்குபவரிடம் காட்டுக. செப்பனிட இயலாத குறையை வாய்விட்டுச் சொல்லி, விலையில் குறைத்துக் கொள்க. வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் தம் வாழ்நாள் சேமிப்பையும், வங்கிக் கடனையும் கொண்டே அதனை வாங்குகின்றார். ஒரு காலத்தில் நாமும் அவ்வாறு வாங்கியவர்களே. நமக்குப் பின் அவ்வீட்டில் வாழ வருபவர், முதல் மழைக்குப் பின்னும் நம்மை நல்லவிதமாக நினைக்கும்படி விற்பதே முறையாகும்.