வாசனை எண்ணெய்க்குக் கொசு ஓடுமா?

மாலை ஆறு மணி. ரெட்டியார்பாளையத்தில் விளக்குப் போடும் நேரம். "ஜன்னலைச் சாத்து, கொசு வரும்!" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்பாளையம். வீட்டு வாசலில் நாலு தொட்டி வைத்திருப்பார்கள். அதில் துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை. கோடை வந்தால் வீட்டுக்குள் கொசு; தொட்டியில் மாவுப்பூச்சி. இரண்டையும் ஓட்ட இப்போது பலர் வாசனை எண்ணெய் வாங்குகிறார்கள். புல் தைலம், யூகலிப்டஸ் தைலம், வேப்பெண்ணெய் என்று கடையில் சின்னச் சின்னப் புட்டிகள்!

இவை வேலை செய்கின்றனவா? செய்கின்றன. ஆனால் புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு அல்ல.

கொசு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மனிதனைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். நாம் விடும் மூச்சு, நம் வியர்வை வாடை, உடம்புச் சூடு, இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு அது வந்து சேருகிறது. இருட்டு அதற்கு ஒரு தடையே அல்ல.

வாசனை எண்ணெய் கொசுவைக் கொல்வதில்லை. அதன் மோப்பத்தைக் குழப்புகிறது. அவ்வளவுதான்.

பாட்டிமார் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் போட்டு மூட்டம் போட்டதும் இதற்குத்தான். கொசு விலகியது உண்மை. ஆனால் மூடிய அறையில் புகை போட்டால், கொசுவைவிடக் குழந்தைக்குத்தான் மூச்சு முட்டும்.

புல் தைலத்தின் கதை

சிட்ரோனெல்லா என்பது ஒரு வாசனைப் புல். இலங்கையின் தென்பகுதியில் இதை நிறையப் பயிரிட்டார்கள். புல்லை வாலையில் போட்டு, ஆவியை வடித்துத் தைலம் எடுத்தார்கள். அது கப்பல் ஏறி உலகமெல்லாம் போயிற்று. 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக "டீட்" என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் கொசுவை விரட்டப் பலரும் நம்பியது இந்தப் புல் தைலத்தைத்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சீக்கிரம் ஆவியாவதால்தான் தைலம் மணக்கிறது. ஆவியாகி முடிந்தால் மணமும் போய்விடும், காவலும் போய்விடும்!

2002-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். மருந்து தடவிய கையைக் கொசுக் கூண்டுக்குள் விட்டு, முதல் கடி எப்போது விழுகிறது என்று பார்த்தார்கள். டீட் கிட்டத்தட்ட 24 சதவீதம் கலந்த மருந்து 5 மணி நேரம் தாங்கியது. புல் தைல மருந்துகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை!

"கொசு விரட்டும் செடி" என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அதுவும் இப்படித்தான். இலையைக் கசக்கினால்தான் தைலம் வெளியே வரும். மூலையில் சும்மா நிற்கும் செடியைக் கொசு சட்டை செய்யாது.

வேப்பெண்ணெய் வேறு ஜாதி

வேப்பெண்ணெய் வாலையில் வடிப்பது அல்ல. கொட்டையை ஆட்டிப் பிழிவது. அதனால் சீக்கிரம் ஆவியாகாது. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தடவிச் சோதித்து, 1993-ல் இந்திய விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு 12 மணி நேரம் கடிக்கவில்லை என்றார்கள். எல்லாக் கொசுவுக்கும், எல்லா ஊரிலும் இதே பலன் வரும் என்று சொல்ல முடியாது. வாடையும் எல்லாருக்கும் பிடிக்காது.

குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்!

"நம்ம வேம்புதானே, என்ன செய்யும்?" என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். மலேசியாவில் இந்தியர் குடும்பங்களில், சில்லறை நோய்களுக்குக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டினார்கள். குழந்தைகள் வாந்தி எடுத்தன. மயங்கின. வலிப்பு வந்தது. 1981-ல் அங்குள்ள மருத்துவர்கள் இதை "லேன்செட்" என்ற மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்கள்.

யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும்கூட, வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். புட்டியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வாலையில் வடித்த தைலத்தைக் கலக்காமல் தோலில் தடவினால் எரியும், தடிக்கும். கைக்குழந்தைக்குக் கொசுவலையே போதும்.

வெட்டுக்கிளி தொடாத மரம்

செடிப் பூச்சிக்கு வந்தால் வேம்புதான் ராஜா! 1959-ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து பச்சையை எல்லாம் தின்று தீர்த்தன. வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றது. ஜெர்மன் விஞ்ஞானி ஷ்முட்டரர் இதைக் கண்ணால் பார்த்தார். 1962-ல் டில்லியில் விஞ்ஞானி பிரதான், வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார். வெட்டுக்கிளி அதைத் தின்னவில்லை.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள்தான் காரணம். அது பூச்சிக்குப் பசியைக் கெடுக்கிறது. தோலுரித்து வளர முடியாமல் செய்கிறது. பூச்சி உடனே சாகாது. நாலைந்து நாள் பொறுக்க வேண்டும்.

(இந்த வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரில் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு, 1994-ல் ஐரோப்பாவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் காப்புரிமை வாங்கிவிட்டன! இந்தியாவிலிருந்து போய் வழக்காடினார்கள். 2005 மார்ச்சில் அது அடியோடு ரத்தாயிற்று.)

வீட்டுத் தோட்டத்துக்குச் செய்முறை எளிது. ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். இரண்டையும் முதலில் நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். எண்ணெய் வாங்க முடியாதவர்கள் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டித் தெளிக்கலாம். இதற்கும் சோப்பு வேண்டும்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் ஒளிவது இலையின் அடியில். அங்கே தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வேம்பின் சத்து கெட்டுவிடும். ஆகவே மாலையில் தெளிப்பது நல்லது. தேனீக்களும் அப்போது கூடு திரும்பியிருக்கும். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். புல் தைலத்தைச் செடியில் ஊற்றினால் இலை கருகும். சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

கொசு பிறக்கும் இடம்

புதுச்சேரிக்கு இதில் தனி அனுபவம் உண்டு. யானைக்கால் நோய் நெடுநாள் இருந்த ஊர் இது. அந்த நோயைப் பரப்பும் கொசு சாக்கடைத் தண்ணீரில் பிறக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய 1975-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இங்கே வந்தது. 1981 முதல் ஐந்து ஆண்டு அது ஊர் முழுக்க வேலை செய்தது. மருந்தை மட்டும் நம்பவில்லை. சாக்கடையைத் தூர் வாரினார்கள். பள்ளங்களை மூடினார்கள். கிணற்றில் மீன் விட்டார்கள். கொசுக்கடி பெருமளவு குறைந்தது.

டெங்குக் கொசு வேறு ரகம். பகலில் கடிக்கும். வீட்டுக்குள் நல்ல தண்ணீரில் முட்டை இடும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும்.

வேப்பெண்ணெய் தெளித்த அதே தொட்டியின் அடித்தட்டில் கொசுப்புழு நெளிவது உண்டு! அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. வெயில் படும் மண்ணில் கொட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் புழு காய்ந்து செத்துவிடும்.