ஊர் விளையாட்டும் உலக விளையாட்டும்

ஒரு விளையாட்டு ஓர் ஊருக்கு உரியதாக எதுவரையில் இருக்கிறது? எந்த நாளில் அது உலகுக்கு உரியதாக மாறுகிறது? பிறந்த மண்ணை விட்டு வெளியேறி, வேற்று மொழி வழங்கும் மாநிலங்களில் குடியமர்ந்து வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி அயலானதன்று. மனிதர் பெயர்ந்து செல்வதைப் போலவே விளையாட்டுகளும் பெயர்ந்து செல்கின்றன. சென்ற இடத்தில் சிலவற்றை விடுகின்றன. சிலவற்றைக் கைவிடாமல் காக்கின்றன. சிலவற்றைப் புதிதாகக் கற்கின்றன. அவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால் நம் வரலாறும் ஓரளவு விளங்கும்.

முதலில் மேலை நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டார்ட்ஸ் என்னும் அம்பெறி விளையாட்டு இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் வளர்ந்தது. சுவரில் ஒரு வட்டப் பலகை. அதில் 1 முதல் 20 வரை எண்கள். 7 அடி 9¼ அங்குலத் தொலைவில் நின்றுகொண்டு, ஒரு முறைக்கு மூன்று சிற்றம்புகளை எறிய வேண்டும். மூன்றும் இருபதின் மும்மடங்குக் கட்டத்தில் தைத்தால் 180 புள்ளி. அதற்குமேல் ஒரு முறையில் பெற இயலாது. பெரிய திடலோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாத எளிய விளையாட்டு இது. ஆயினும் நெடுங்காலம் இதன் உலகப் பட்டம் பிரிட்டிஷ் தீவை விட்டு வெளியே போனதில்லை. 1994-இல் கனடா நாட்டு ஜான் பார்ட் அந்தப் பட்டத்தை வென்றார். 1998-இல் நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட் வென்றார். அதன் பின் டச்சுக்காரர்கள் இவ்விளையாட்டில் ஒரு பெரும் படையாகவே எழுந்தனர்.

இன்று லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் நடைபெறும் உலகப் போட்டிக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய எல்லாக் கண்டங்களிலிருந்தும் வீரர்கள் வருகின்றனர். 96 பேராக இருந்த போட்டியாளர் தொகை, 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 128 ஆக உயர்த்தப்பட்டது. அந்தப் போட்டியின் முதற் சுற்றில், 2025 டிசம்பரில், நம் நாட்டு நிதின் குமார் நெதர்லாந்து வீரர் ஒருவரை 3–2 என்ற கணக்கில் வென்றார். அந்த மேடையில் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 2025-ஆம் ஆண்டின் உலகப் பட்டத்தை 17 வயதில் வென்ற லூக் லிட்லர் இங்கிலாந்து நாட்டவரே. பந்தியில் பல நாட்டினர் அமர்ந்துவிட்டனர் என்பதற்காகத் தலைவாழை இலை உடனே கைமாறிவிடுவதில்லை. பரப்பு முதலில் வருகிறது; உயரம் பின்னரே வருகிறது.

இப்பொழுது நாம் வாழும் மைசூருக்குத் திரும்புவோம். இந்த மாவட்டத்தில் திருமகூடலு நரசீபுரம் என்றொரு வட்டம் உண்டு. காவிரியும் கபினியும் கூடும் இடம் அது. சோழராட்சியில் இராசராசபுரம் என்று பெயர் பெற்ற தலக்காடு இந்த வட்டத்திலேதான் இருக்கிறது. தமிழுக்கு அந்நியமல்லாத அந்த வட்டத்தில் குருபூரு என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த சைத்ரா என்ற உழவர் குடும்பப் பெண், 2025 ஜனவரி 19-ஆம் நாள் புதுதில்லி இந்திராகாந்தி உள்விளையாட்டரங்கில் உலகக் கோப்பையை வென்ற இந்திய மகளிர் அணியில் ஓடினார். விளையாட்டு, கோ-கோ.

கோ-கோவை அறியாத பள்ளிப் பிள்ளை நம்மிடையே அரிது. எனினும் ஆட்ட முறையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வது நன்று. ஆடுகளத்தின் இரு முனைகளிலும் இரண்டு கம்பங்கள். அவற்றை இணைக்கும் நடுப்பாதையில் துரத்தும் அணியினர் எண்மர் குந்தியிருப்பர். ஒருவர் கிழக்கு நோக்கினால் அடுத்தவர் மேற்கு நோக்குவார். ஒன்பதாமவர் துரத்துவார். எதிரணியினர் மும்மூவராகக் களத்தில் இறங்கி, அமர்ந்திருப்போருக்கு இடையே புகுந்து புகுந்து ஓடித் தப்புவர். துரத்துபவருக்கோ அந்த உரிமை இல்லை. அவர் நடுக்கோட்டைக் கடக்கக்கூடாது. எடுத்த திசையை மாற்றவும் கூடாது. பின் அவர் எப்படிப் பிடிப்பது? அமர்ந்திருக்கும் தோழர் ஒருவரின் முதுகைத் தொட்டுக் ‘கோ’ என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே அவர் எழுந்து துரத்துவார். தொட்டவர் அந்த இடத்தில் அமர்ந்துவிடுவார். ஓடும் கால்களை விட, அமர்ந்திருப்பவரின் விழிப்பே இதில் வெற்றி தரும். தனி ஒருவரின் வேகத்தால் மட்டும் வெல்ல முடியாதபடி அமைந்திருப்பதே இவ்விளையாட்டின் நுட்பம்.

இந்த விளையாட்டுக்கு எழுத்து வடிவில் விதிகள் அமைந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனே நகரின் டெக்கான் ஜிம்கானா கழகத்தில். மராட்டிய நாட்டு மண்ணில் செழித்த ஆட்டம் அங்கிருந்து மெல்ல மெல்லப் பரவியது. முதல் தேசியப் போட்டி 1959–60-இல் விஜயவாடாவில் நடந்தது. 1996-இல் கொல்கத்தாவில் முதல் ஆசியப் போட்டி நடந்தது. 2016-இல் குவாஹாட்டியை மையமாகக் கொண்டு நடந்த தெற்காசிய விளையாட்டுகளில் கோ-கோவுக்கும் இடம் கிடைத்தது. 2022-இல் தொழில்முறைத் தொடர் ஒன்று தோன்றியது. சென்னையின் பெயரைத் தாங்கிய அணி ஒன்றும் அதில் ஆடியது. பின்னர் 2025-இல் முதல் உலகக் கோப்பை நடந்தது. மொத்தம் 23 நாடுகள். ஆடவரில் 20 அணிகள், மகளிரில் 19 அணிகள். பெரு, பிரேசில், போலந்து, ஜெர்மனி, கென்யா, தென்னாப்பிரிக்கா, தென் கொரியா, ஈரான், மலேசியா என்று நீண்டது அந்தப் பட்டியல்.

பட்டியல் நீளமாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஆட்டக் கணக்கையும் பார்க்க வேண்டும். நம் மகளிர் தென் கொரியாவை 175–18 என்ற கணக்கில் வென்றனர். இதைப் போட்டி என்பதைக் காட்டிலும் பாடம் என்பதே பொருந்தும். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 66–16 என்றும், இறுதியில் நேபாளத்தை 78–40 என்றும் வென்றனர். ஆடவரின் கணக்கு வேறு செய்தி சொல்கிறது. தொடக்க ஆட்டத்தில் நேபாளத்தை 42–37 என்ற சிறு வேறுபாட்டில்தான் வெல்ல முடிந்தது. அரையிறுதியில் தென்னாப்பிரிக்கா 60–42 வரை வந்து நின்றது. இறுதியில் மீண்டும் நேபாளம், 54–36. தமிழ்நாட்டைச் சேர்ந்த சுப்பிரமணியும், கர்நாடகத்தைச் சேர்ந்த கௌதமும் வென்ற அந்த ஆடவர் அணியில் இருந்தனர். ஆகவே பரப்பு வந்துவிட்டது. உயரம் சில நாடுகளில் அரும்பத் தொடங்கியிருக்கிறது.

இதே பாதையில் முன்னே சென்ற விளையாட்டு ஒன்று உண்டு. அது நம் சடுகுடு. தமிழில் சடுகுடு, தெலுங்கில் செடுகுடு, மராத்தியில் ஹுதுது என்று ஊருக்கு ஒரு பெயரும் ஒரு விதியுமாக இருந்த ஆட்டங்கள், கபடி என்ற ஒரே பெயரின்கீழ் ஒரே விதிக்குள் வந்தன. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுகளில் கபடி இடம் பெற்றது. அன்று முதல் 2014 வரை ஆடவர் தங்கம் இந்தியாவை விட்டு அகலவில்லை. 2018-இல் ஜகார்த்தாவில் ஈரான், ஆடவர் மகளிர் ஆகிய இரு தங்கங்களையும் எடுத்துச் சென்றது. அன்று நம் நாட்டில் பலரும் வருந்தினர். வருத்தம் இயல்பே. ஆனால் கபடி உண்மையில் உலக விளையாட்டான நாள் எது என்று கேட்டால், அந்த நாளையே சுட்ட வேண்டும். 2023-இல் ஹாங்சோவில் இந்தியா இரண்டு தங்கங்களையும் மீட்டது. தோல்வியை அறிந்த பின் பெற்ற அந்த வெற்றிக்கு, முந்தைய வெற்றிகளுக்கு இல்லாத மதிப்பு உண்டு. பிறந்த வீடு தோற்கக் கூடும் என்ற நிலை வந்தால்தான் ஒரு விளையாட்டு உலகுடையதாகிறது.

உலகுடையதாகும்போது விளையாட்டு எதை இழக்கிறது? மண்ணை இழக்கிறது. கோ-கோ செம்மண் களத்தில் ஆடப்பட்டது. இன்று பெரிய போட்டிகள் செயற்கை விரிப்பின்மீது நடக்கின்றன. நேரமும் குறைந்தது. ஒன்பது நிமிட ஆட்டங்களுக்குப் பதிலாக ஏழு நிமிடச் சுற்றுகள் நான்கு வந்தன. ‘வசீர்’ என்ற சிறப்பு ஆட்டக்காரர் எத்திசையிலும் துரத்தலாம் என்ற புது விதி வந்தது. நெடுநேரம் பிடிபடாமல் தப்பினால் ஓடுபவருக்கும் புள்ளி உண்டு. தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் அயல்நாட்டாருக்கும் ஆட்டம் உடனே விளங்க வேண்டும் என்பதே இம்மாற்றங்களின் நோக்கம். பழைய ஆட்டக்காரர் சிலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். ஆயினும் விதி மாறாமல் எந்த விளையாட்டும் கடல் கடந்ததில்லை.

எதை இழக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்டவர்களுக்கு இது தனிச் சுவை தரும். விதிகளை எல்லாம் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் பெயர்த்துவிட்டனர். ‘கோ’ என்ற அந்த ஓரெழுத்துக் குரலை மட்டும் எவரும் பெயர்க்கவில்லை. பெரு நாட்டவரும் கொரியரும் அதே குரலைத்தான் கொடுக்கின்றனர். மைசூருக்கு இது புதிதன்று. 1935-இல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி இந்நகரில் தொடங்கிய சிறு வானொலி நிலையம் ‘ஆகாசவாணி’ என்ற பெயரைப் பெற்றது. அந்தப் பெயர் பின்னாளில் நாட்டின் வானொலி முழுவதற்கும் ஆயிற்று. தமிழர் அதைக் கேட்டு, தமக்கு இசைந்த ‘வானொலி’ என்ற சொல்லையும் விடாமல் போற்றினர். பொதுவானதை ஏற்பதும் தனக்குரியதைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி, நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி. உலகக் கோப்பை வந்த பின்பு மராட்டிய அரசு தன் மாநில வீரர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டே கால் கோடி ரூபாயும் அரசுப் பணியும் அறிவித்தது. கர்நாடக அரசு முதலில் அறிவித்தது ஐந்து இலட்சம். சைத்ராவும் கௌதமும் அந்தத் தொகையைப் பணிவுடன் மறுத்துவிட்டனர். ஒரே கோப்பையை ஒரே அணியில் வென்றவர்களின் உழைப்புக்கு, மாநில எல்லையைத் தாண்டியதும் விலை மாறுவதா என்ற கேள்வியே அந்த மறுப்பில் அடங்கியிருந்தது. பணத்தாசை என்று அதை ஒதுக்கிவிடலாகாது. செயற்கை விரிப்பு, காலணி, பயணம், பயிற்சி, சத்துள்ள உணவு ஆகிய யாவும் பொருட்செலவு உடையவை. விளையாட்டு உலக அளவுக்கு உயர, உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த உயரத்துக்கு ஏறிச் செல்ல வேண்டிய படிகளும் கூடுகின்றன. மண்ணில் பழகிய சிறுமி விரிப்பில் ஓடித் தேர்வு பெற வேண்டும். அந்த விரிப்பு அவளுடைய பள்ளிக்கு எப்போது வரும்? உலகப் பரப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

நாம் செய்யத்தக்கது யாது? குடிபெயர்ந்தோரே விளையாட்டுகளைச் சுமந்து செல்பவர்கள். அயல்நாடுகளில் கோ-கோ முதலில் வேரூன்றிய இடங்கள் பலவற்றில் இந்திய வமிசாவளியினரின் பங்கு பெரிது. ஆனால் அவர்கள் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் அது சங்கத்து ஆண்டு விழாவின் வேடிக்கையாகவே முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஆட வந்தால்தான் அது அந்நாட்டு விளையாட்டாகும். இதையே நமக்கும் பொருத்திப் பார்க்கலாம். மைசூரிலோ, புனேயிலோ, தில்லியிலோ வளரும் நம் குழந்தைகள், தமிழ்ச் சங்கத்து விளையாட்டுப் போட்டியோடு நின்றுவிடாமல், அந்தந்த ஊர்ப் பள்ளி அணியிலும் வட்ட அணியிலும் சேர்ந்து ஓடட்டும். தசரா காலத்தில் மைசூர் சாமுண்டி விகார் அரங்கில் நடைபெறும் விளையாட்டுகளைக் காண அவர்களை அழைத்துச் செல்வோம். மகளிர் அணிக்கு ஆதரவு கேட்டு எவரேனும் நம் வாயிலுக்கு வந்தால் இயன்றதை அளிப்போம்.

2036-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவை இந்தியாவில் நடத்த வேண்டுமென்று நம் நாடு விழைகிறது. அதில் கோ-கோவும் இடம் பெற வேண்டும் என்ற விருப்பமும் பலருக்கு உண்டு. அது நிறைவேறுமானால், நாம் கைதட்ட வேண்டியது நம் வெற்றிக்கு மட்டுமன்று. பெருவிலோ கென்யாவிலோ பிறந்த ஒரு பெண், நம் அணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரியை முறையான ‘கோ’ கொடுத்துத் தொட்டுவிட்டால், அதற்கும் கைதட்டும் மனம் நமக்கு வேண்டும். குருபூரிலிருந்து புறப்பட்ட பெண்ணுக்கு உரிய சிறப்பும் வசதியும் குறைவின்றிக் கிடைக்கும்படி செய்துவிட்டு, பிறகு அந்த மனத்தையும் வளர்த்துக் கொள்வோமாக.