இரு நிற கேக்கும் கோகோவின் தாகமும்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். பிரான்சில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் இங்கே நிறைய. அந்த நாட்டில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைத் தீனியாகக் கொடுக்கும் கேக்குகளில் ஒன்று 'மார்ப்ரே'. வெள்ளைக்கு நடுவே பழுப்பு ரேகை ஓடும். நம் பேக்கரிக்காரர்களுக்கு அது மார்பிள் கேக். பிறந்தது ஜெர்மனியில்.

அளவுக்குத் தராசு இருந்தால் போதும்: முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மைதா நான்கும் சம எடை. ஓடு நீக்கிய 4 முட்டை ஏறக்குறைய 200 கிராம் வரும். மற்ற மூன்றும் அதே 200. மைதாவோடு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடரைச் சலித்துக்கொள்ளுங்கள். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியே உப்பு வேண்டாம்.

வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிப்பது உள்ளே காற்றைப் பிடித்து வைக்கத்தான். கடலோரப் புழுக்கத்தில் வெண்ணெய் சீக்கிரம் இளகி எண்ணெயாகும். அதில் காற்று தங்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், மேலே பளபளக்கக் கூடாது. பளபளத்தால் பாத்திரத்தோடு சற்று நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மைதா விழுந்தபின் அடிக்கக் கூடாது, புரட்டினால் போதும். அடிக்க அடிக்க கேக் இறுகும்.

மாவை இரண்டாகப் பிரித்ததும்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பாதியில் கோகோவை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். கோகோ வெறும் நிறப்பொடி அல்ல. மைதாவைவிட அதிகமாக ஈரத்தைக் குடிக்கும். வெள்ளை மிருதுவாக இருக்க, பழுப்புப் பாதி வறண்டுபோவது இதனால்தான். 20 கிராம் கோகோவை 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் குழைத்து, ஆறவிட்டுக் கலக்குங்கள். இரண்டு மாவும் கரண்டியிலிருந்து ஒரே வேகத்தில் விழுந்தால் பக்குவம் சரி. (இனிப்பு கலந்த சாக்லேட் பான பவுடர் இதற்கு உதவாது, நிறமே ஏறாது.)

டின்னில் ஒரு கரண்டி வெள்ளை, ஒரு கரண்டி பழுப்பு என்று மாற்றி மாற்றி ஊற்றி, கத்தி முனையால் இரண்டே சுற்று சுழற்றுங்கள். ஆசைப்பட்டு மேலும் கிண்டினால் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்.

170 டிகிரி சூட்டில் 45 முதல் 50 நிமிடம். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே ஸ்டாண்டின் மேல் டின்னை வைத்துச் சிறு தீயில் விடுங்கள். நேரம் இன்னும் கூடும். பழுப்புப் பகுதி வெந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, எனவே இரு நிறத்திலும் குச்சி குத்திப் பாருங்கள். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் பழுப்புத் துகள் வெள்ளையில் இழுவிக் கோடெல்லாம் கலைந்துவிடும்.