வளாகத்துக்குள் யார் காவல்?

புனே அருகே உள்ள போசரியில் கல்லூரி வாசலில் நிற்கும் சீருடைக்காரர் போலீஸ் இல்லை, தனியார் காவலாளி. அடையாள அட்டையைப் பார்ப்பார், தகராறை விலக்கிவிடுவார். வழக்குப் பதிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

அமெரிக்காவிலோ, யேல் பல்கலைக்கழகம் 1894-லேயே தனக்கென்று போலீஸை அமர்த்திக்கொண்டது. இன்று அங்கே பல பல்கலைக்கழகப் போலீஸாருக்குக் கைது செய்யும் அதிகாரமும் உண்டு.

போசரியில் வழக்குப் பதிவு செய்யும், கைது செய்யும் பொறுப்பு, 2018 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீஸ் ஆணையரகத்துக்கு. ராகிங் குற்றமென்றால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரி முதல்வர் போலீஸில் புகார் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி. கல்லூரியின் பெயர் கெடுமென்று புகாரை அமுக்குவது மாணவருக்குச் செய்யும் துரோகம். ஆபத்தென்றால் மாணவரே நேராக 112-ஐ அழைக்கலாம். முதல்வரின் அனுமதி தேவையில்லை.