உதவி வைரஸும் அதைச் சார்ந்த நுண்மியும்

வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகி, பின் இலையே வெளுத்துப் போகும் தேமல் நோயை அங்கத்தினர்கள் அறிவர். பருத்தியில் இலை சுருண்டு, நரம்பு தடித்து, காய்ப்புக் குன்றும் நோயும் இதற்கு உறவுடையதே. அது பாகிஸ்தானில் முல்தான் அருகே 1967-லும், ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகர்ப் பகுதியில் 1993-லும் காணப்பட்டது. பஞ்சு குறைந்தால் தறிக்கு நூலும் அருகுமாதலால், நெசவாளரும் இதனை அறிதல் நன்று.

இந்நோய்களுக்குக் காரணம் இரு பொருள்களின் கூட்டு ஆகும். முதலாவது பெகோமோவைரஸ். அதன் மரபுப்பொருள் சுமார் 2,750 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. வட்டம். இரண்டாவது பீட்டா சாட்டிலைட் என்னும் சிறு வட்டம். அதன் அளவு சுமார் 1,350 எழுத்துகளே. தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை.

பெகோமோவைரஸ் 'ரெப்' என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அப்புரதம் வட்டத்தின் ஓர் இழையைக் குறித்த இடத்தில் வெட்டுகிறது. பின்னர்ச் செடியின் செல்லில் உள்ள நொதியே வட்டத்தைச் சுற்றிவந்து புதிய இழையைப் பின்னுகிறது. வெட்டுவதற்குரிய அதே குறி பீட்டா சாட்டிலைட்டிலும் உள்ளது. ஆகவே, உதவி வைரஸின் புரதம் அதற்கும் பிரதி எடுத்துத் தருகிறது. உதவி வைரஸ் இல்லையேல் சாட்டிலைட் பெருகாது. அதன் மேலுறையும், வெள்ளை ஈயின் வழியாகச் செல்லும் பயணமும் உதவி வைரஸ் அளிப்பவையே.

இதற்குக் கைம்மாறாகச் சாட்டிலைட் ஒரு புரதத்தால் செடியின் தற்காப்பை அடக்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2003-ல் இதன் விளைவை வெண்டையில் காட்டினர். வைரஸ் மட்டும் புகுந்த செடியில் இலை சிறிதே சுருண்டது; சாட்டிலைட்டும் சேர்ந்தபோதுதான் மஞ்சள் தேமல் முழுமையாகத் தோன்றியது.

ஒரே சாட்டிலைட் வெவ்வேறு உதவி வைரஸ்களுடன் சேரவல்லது. இவை கலந்து புது வடிவம் எடுப்பதும் உண்டு. எதிர்ப்புத்திறன் வாய்ந்த பருத்தி ரகங்கள் 2001-ஆம் ஆண்டையொட்டிப் பாகிஸ்தானின் பூரேவாலாப் பகுதியில் நோய்க்கு இரையானது அத்தகைய புது வடிவத்தினாலேயே. ஆதலின் ரகத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

நோய் பற்றிய செடியை எம்மருந்தும் குணப்படுத்தாது. அதற்கெனச் செலவிடும் பணம் வீணே. அத்தகைய செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும். களைகளை நீக்கி, மறுதாம்புப் பருத்தியைத் தவிர்க்க வேண்டும். வெள்ளை ஈ வரப்பை மதியாது. ஒருவர் மட்டும் செய்தால் பயன் குறைவு. சங்கத்தார் கூடிப் பேசி, ஊர் முழுவதும் ஒரே காலத்தில் இவற்றைச் செய்வதே உரிய வழி.