வழி தேடும் படிமுறைகளைக் காட்சிப்படுத்தல்

வழி தேடும் படிமுறைகளைக் காட்சிப்படுத்தல் என்பது, ஒரு கோட்டுருவில் தொடக்க முனையிலிருந்து இலக்கு முனைக்குக் கணினி வழி தேடுவதைப் படிப்படியாகத் திரையில் காட்டுவதாகும். கோட்டுரு என்பது முனைகளாலும் அவற்றை இணைக்கும் விளிம்புகளாலும் ஆனது. ஊர்களை முனைகளாகவும் சாலைகளை விளிம்புகளாகவும் கொண்டால், சாலை வரைபடமும் ஒரு கோட்டுருவே.

வரலாறு

நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்சர் டிக்சுட்ரா தம் படிமுறையை 1956 இல் உருவாக்கி, 1959 இல் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் அமைக்கப்பட்ட ஆர்மாக் கணினியின் திறனைக் கணிதம் அறியாதவர்களுக்கும் விளக்க ஓர் எளிய கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட வரைபடத்தில் இரு நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காண்பதே அக்கணக்கு. 1968 இல் பீட்டர் ஆர்ட், நில்சு நில்சன், பெர்ட்ராம் ராபேல் ஆகிய மூவரும் ஏ-ஸ்டார் படிமுறையை வெளியிட்டனர்.

வலைச் செயலியில் செயல்படும் முறை

திரை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டமும் ஒரு முனை. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கும் அதன் அண்டைக் கட்டங்கள். பயனர் சில கட்டங்களைச் சுவராக மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முதலில் தேடலை முழுவதும் முடித்து, எந்தக் கட்டம் எப்போது ஆராயப்பட்டது என்பதைப் பட்டியலிடும். பின்னர் அப்பட்டியலின்படி ஒவ்வொன்றாக நிறம் மாற்றும். ஆகவே நாம் காணும் வேகம் அசைவூட்டத்தின் வேகமே. படிமுறையின் வேகம் அன்று.

எடுத்துக்காட்டு

சுவரே இல்லாத ஒரு பெரிய பரப்பில், தொடக்கத்திலிருந்து நேர் வலப்புறம் 10 கட்டங்கள் தள்ளி இலக்கு இருப்பதாகக் கொள்வோம். அகலமுதல் தேடல் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். 9 அடிகளுக்குள் அடங்கும் 181 கட்டங்களையும் ஆராய்ந்த பிறகே அது இலக்கை எடுக்கும். ஏ-ஸ்டார், இதுவரை நடந்த தொலைவுடன் இலக்குக்கு மீதமுள்ள தொலைவின் குத்துமதிப்பையும் கூட்டிப் பார்க்கும். எனவே நேர்வரிசையிலுள்ள 10 கட்டங்களை மட்டுமே ஆராய்ந்து இலக்கை அடையும். இரண்டும் காணும் வழியின் நீளம் ஒன்றே. வேறுபாடு உழைப்பில்தான்.

கவனிக்க வேண்டியவை

படம் அழகாக ஓடுவதால் விடை சரியென்று ஆகிவிடாது. ஆழமுதல் தேடலும் ஒரு வழியைக் காட்டும். அது மிகக் குறுகியதாக இருக்கும் என்ற உறுதி இல்லை. டிக்சுட்ரா படிமுறைக்கு விளிம்புகளின் எடை எதிர்மமாக இருக்கக் கூடாது. ஏ-ஸ்டாரின் குத்துமதிப்பு உண்மைத் தொலைவை மிஞ்சக் கூடாது. சான்றாக, மூலைவாட்டு நகர்வையும் ஓர் அடியாக அனுமதித்தால், 5 கட்டம் வலமும் 5 கட்டம் மேலும் உள்ள இலக்கை 5 அடிகளில் அடையலாம். அப்போதும் கிடை, நெடுந் தொலைவுகளைக் கூட்டி 10 என்று மதிப்பிட்டால், மிகக் குறுகிய வழி தவறிப்போகலாம். திரையில் அந்தப் பிழை தெரியாது.

எனவே மாணவர்கள் சிறிய கட்டப் பரப்பொன்றைத் தாளில் வரைந்து, கையால் கணக்கிட்டு, திரையில் வந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.