தேவை எது? தடை எது?



"டிப்ளமோதானே படிக்கே? ஒனக்கு எதுக்குடே ராக்கெட்டு?" பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளும் தக்கலை பஸ் ஸ்டாண்டிலும் நம்மிடம் கேட்கிற கேள்விதான். இதற்குப் பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது.

நாகர்கோவில் அருகே மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர் வி. நாராயணன். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு. பிறகு மெக்கானிக்கல் டிப்ளமோ. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 1989-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் முதல் ரேங்க்கோடு எம்.டெக். முடித்தார். 2001-ல் டாக்டர் பட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர்!

எம்.டெக். சேர பொறியியல் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். அது உண்மையான தேவை. ஏ.எம்.ஐ.இ. தேறி அதை அவர் பூர்த்தி செய்தார். ஆனால் இங்கிலீஷ் மீடியம், பெரிய இடத்துப் பிள்ளை என்பதெல்லாம் எந்த விதியிலும் இல்லை. ஊர் வாயில் மட்டும்தான்.

அவர் உழைத்த கிரையோஜெனிக் எஞ்சினின் கதையும் இதேதான். திரவ ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அது இயற்கையின் விதி, மாற்ற முடியாது. ஆனால் 'வெளிநாடு சொல்லித் தந்தால்தான் முடியும்' என்பது விதியல்ல. 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் தொழில்நுட்பம் தர ரஷ்யா மறுத்தது. 2010-ல் நம் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ல் நம் சொந்த எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது!

பிரித்தறிய மூணு கேள்வி போதும்.

1. எங்கே எழுதியிருக்கு? 'யாரோ சொன்னாங்க' என்றால் நம்ப வேண்டாம்.

2. அது இல்லாமல் வேலை நடக்காதா? கணக்கு தெரியாமல் டிசைன் வராது. ஷூ இல்லாமல் வரும்.

3. விதி இன்றைக்கும் இருக்கா? 2013 மே 31-க்குள் பதிந்தவர்களுக்கே ஏ.எம்.ஐ.இ. பட்டத்துக்கு இணை. இன்று நமக்கு பி.இ. இரண்டாமாண்டு நேரடிச் சேர்க்கை இருக்கிறது.

வீட்டில் முதல் ஆளாகப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். விவரம் சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால் டீக்கடைப் பேச்சே சட்டமாகிவிடுகிறது. பணக் கஷ்டம் கற்பனையல்ல, நிஜம். அதனால்தான் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை நமக்கு உண்டா என்று விண்ணப்ப விதிகளில் தேட வேண்டும். அரியரும் கற்பனையல்ல நண்பா, எழுதித்தான் தீரணும்!

ஆகவே நண்பர்களே, 'நமக்கு முடியாது' என்று முடிவுகட்டும் முன் விதியை ஒருமுறை நாமே படிப்போம். அதில் கேட்டிருப்பதைச் சம்பாதிப்போம். கேட்காததற்கு ஏன் பயப்படணும்?